வாசலில் வைத்த பொட்டலங்கள்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம் இது நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. சுங்கைப் பட்டாணியில் காலையில் மாணவன், மதியத்துக்கு மேல் கடைச் சிப்பந்தி என்று இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டே ஏதாவது ஒரு கம்பெனியில் விற்பனை வேலையும் பழகுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நானும் அப்படிப் படித்தவன்தான் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் கதை கேட்பார்கள். கதையைச் சொன்னால் கடைசிப் பகுதியை என்னால் சொல்லி முடிக்க முடியாது. அதனால் பேசாமல் இருந்துவிடுவேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அரிசிக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, நாலைந்து பெஞ்சு, ஒரு கரும்பலகை. கீழே படிக்கட்டுப் பக்கத்தில் 'வணிகக் கல்லூரி' என்று ஒரு பலகை. எங்கள் ஆசிரியர் சண்டைக்கு முன்னால் பினாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சோப்பும் பிஸ்கட்டும் விற்றவர். கம்பெனிக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். இவரிடம் மிஞ்சியது ஒரு கழுத்துப்பட்டை. தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து வழிந்தாலும் அதைக் கட்டாமல் வகுப்புக்கு வரமாட்டார். முதலில் நிப்போங்கோ, அதாவது ஜப்பான் மொழி. அதைச் சொல்லிக்கொடுத்தால்தான் அறையைத் திறக்கவே அனுமதி. பிறகு கணக்கு. அதற்கும் பிறகு அவருக்கு உயிரான பாடம், சரக்கை விற்பது எப்படி என்பது. விற்கச் சரக்கே இல்லாத காலத்தில் விற்கும் வித்தையைப் படித்துக்கொண்டிருந்தோம். அது வேடிக்கையாக அப்போது எங்களில் யாருக்கும் படவில்லை.

படிக்கிறவர்கள் எல்லோரும் மதியத்தில் ஏதாவது ஒரு கடையில் வேலை பார்த்தாக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். காலையில் படித்ததை மதியம் செய்து பார்க்க வேண்டும். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் இன்னொரு நன்மையும் இருந்தது. வேலை வெட்டி இல்லாமல் ரோட்டில் நிற்கும் வாலிபர்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடை முத்திரை குத்திய துணிப்பட்டை கையில் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். என் அம்மா தினமும் அந்தப் பட்டைக்கும் சேர்த்து விபூதி பூசித்தான் என்னை வெளியே அனுப்புவார்.

எனக்கு இடம் கிடைத்தது ஒரு தமிழர் மளிகைக் கடையில். மளிகைக் கடை என்று பேர்தானே தவிர, பாதி அலமாரி காலி. இந்தியாவிலிருந்து கப்பல் வருவது நின்றதோடு என்னென்னவோ நின்றுபோயின. அதில் சீயக்காயும் ஒன்று. அரிசி இல்லாவிட்டால் கிழங்கைத் தின்னலாம். சீயக்காய்க்கு என்ன செய்வது? பங்கீட்டில் கொடுத்த சோப்பைத் தலையில் போட்டால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொள்ளும். பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடை முதலாளியின் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். செம்பருத்தி இலையைக் காயவைத்து, கொஞ்சம் பச்சைப் பயறு சேர்த்தார். மலாய்க்காரப் பெண்கள் தலைக்குத் தேய்க்கிற லிமாவ் பூருட் இருக்கிறதே, தோல் சுருங்கிய எலுமிச்சை, அதன் தோலையும் உலர்த்திப் போட்டு இடித்துப் பொடியாக்கினார். நுரை வராது. ஆனால் அழுக்கு போகும், வாசனையும் நன்றாக இருக்கும். கடைத்தெருப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். இதை ரப்பர்த் தோட்டங்களில் விற்க முடிந்தால் கடை நிமிர்ந்துவிடும் என்று முதலாளி நினைத்தார். காலேஜ் படிக்கிற பையன் இருக்கிறானே என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்.

நான் நேராக ஆசிரியரிடம் போய் யோசனை கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பினாங்கில் புதுச் சோப்பு வந்து இறங்கினால் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வீட்டுக்கு வீடு சும்மா கொடுப்பார்களாம். ஜனங்கள் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் தானாகக் கேட்டு வாங்குவார்கள். கரும்பலகையில் 'மாதிரி' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே இரண்டு விதிகள் எழுதிப் போட்டார். பொட்டலம் பார்த்த மாத்திரத்தில் கண்ணைப் பறிக்க வேண்டும். வாங்க வசதியில்லாதவர்களுக்கு மாதிரி கொடுத்து வீணாக்கக் கூடாது. நான் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டேன். வகுப்பில் நான்தான் முதல் மாணவன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

காகிதம் கிடைக்காத காலம். வாழைச் சருகில் பொடியை மடித்தோம். பார்ப்பதற்குச் செத்துப்போன மாதிரி இருந்தது. கண்ணைப் பறிக்க வேண்டுமே. முதலாளியம்மாவிடம் கெஞ்சி ஒரு பழைய சேலையின் கரையைப் பிரித்துச் சிவப்பு நூல் எடுத்தேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் நூலால் சுற்றி முடிச்சுப் போட்டேன். என்றைக்குப் போகலாம் என்று முதலாளியைக் கேட்டேன்.

"அமாவாச வருதே. நெறஞ்ச நாளு. அன்னிக்கே ஆரம்பிச்சிடு" என்றார்.

வியாபாரிகளுக்கு அமாவாசை நல்ல நாள். புதிதாக எதையும் அன்றைக்குத்தான் தொடங்குவார்கள். நான் கடைத்தெருவில் பிறந்து கடைத்தெருவில் வளர்ந்தவன். எனக்கும் அமாவாசை என்றால் அவ்வளவுதான் தெரியும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். என்னைத் தடுத்துச் சொல்ல அப்போது பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

அன்றைக்கு ஆசிரியர் வகுப்புக்கு வரவேண்டாம், இதுவும் படிப்புதான் என்று சொல்லிவிட்டார். ரப்பர்க் குழாயை வெட்டி டயராக மாட்டிய சைக்கிளில் எலும்பெல்லாம் குலுங்கக் குலுங்க ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு அங்கே பால்வெட்டு அநேகமாக நின்றுபோயிருந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நட்டிருந்தார்கள். இப்போது பெரிய கங்காணி சொல்வதுதான் சட்டம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யார் இருக்கலாம், யாருக்கு அரிசிச் சீட்டு, எல்லாம் அவர் கையில்.

நான் போன நேரம் எல்லோரும் கிழங்குக் காட்டில் இருந்தார்கள். லயத்தில் ஈ காக்கை இல்லை. எனக்கு அது இன்னும் பிடித்திருந்தது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு பரிசு காத்திருந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வீடு வாசற்படிக்கு நடுவில், கண்ணில் படும்படி, ஒவ்வொரு பொட்டலமாக வைத்துக்கொண்டே போனேன்.

லயம் முடிகிற இடத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை தனியாக நின்றது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கோணிச் சாக்குத் தொங்கியது. இந்த வீட்டில் வாங்குகிற வசதி இருக்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. என் பையில் இன்னும் பொட்டலம் இருந்தது. விதியை நினைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பிவிட்டேன். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். மற்ற பையன்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, பை நிறையப் பொட்டலங்களோடு விற்கப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அன்றைக்கு யாரும் காட்டுக்குப் போகவில்லை. காலையில் பேர் கூப்பிடும் திடலில் மொத்தத் தோட்டமும் கூடி நின்றது. சரி, நமக்காகத்தான் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் பாருங்கள், அவ்வளவு பெரிய முட்டாள் நான். கிட்டப் போன பிறகுதான் மரத்தடியில் கிடந்த உடைந்த முறத்தைப் பார்த்தேன். என் பொட்டலங்கள் எல்லாம் அதில் குவிந்து கிடந்தன. ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை. குச்சியால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சுற்றிலும் வேப்பிலை போட்டிருந்தது.

ஓரமாக நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "கிட்டப் போவாத தம்பி" என்றார். "அமாவாச அன்னிக்கு வூட்டுக்கு வூடு வாசல்ல வச்சிருக்கா. செவப்பு நூலு சுத்தி, எலுமிச்ச மணக்குது. அன்னியிலேருந்து புள்ளைங்களுக்குக் காச்சல் வுடல."

செய்வினை என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அமாவாசை, வாசற்படி, சிவப்பு நூல், எலுமிச்சை, ஆள் இல்லாத நேரம். ஒரு மந்திரவாதியிடம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலும் இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க மாட்டான். காய்ச்சல் அந்த மாதம் ஊரெல்லாம் இருந்தது. பட்டணத்தில் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். ஆனால் அவர்கள் வாசலில் பொட்டலம் இருக்கவில்லையே.

யார் வைத்தது என்பதையும் தோட்டத்துக்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். எல்லா வீட்டு வாசலிலும் இருந்தது. ஒரே ஒரு வீட்டில் இல்லை.

அந்தச் சாக்குத் தொங்கிய குடிசைக்காரப் பெண்தான் கூட்டத்துக்கு நடுவில் நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலடியில் ஒரு துணி மூட்டை. ஜித்ரா பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவராம். புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தகவலே இல்லை. அசலூர்க்காரி, தனியாள், நமக்கு வந்த காய்ச்சல் அவள் பிள்ளைக்கு மட்டும் வரவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் தோட்டத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது பெரிய கங்காணியின் தீர்ப்பு. அந்தப் பெண்ணின் அரிசிச் சீட்டு கங்காணியின் சட்டைப் பையில் இருந்தது. சீட்டு இல்லாமல், ஆண்துணை இல்லாமல், கைக்குழந்தையோடு அந்தக் காலத்தில் ரோட்டில் இறங்குவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. பட்டணத்துக் கடைகளின் ஐந்தடி நடைபாதைகளில் அப்படி இறங்கியவர்கள் கிடந்ததை நான் தினமும் தாண்டித்தான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் பேசினேன். அதைப் பெரிய வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே சிவப்பு நூல் பொட்டலங்கள் என் பையில் இருந்தன, எவராவது ஒருவர் எட்டிப் பார்த்தால் போதும். அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தக் குழந்தை. அது என் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, அத வச்சது நான்தான்" என்றேன்.

பெரிய கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த துணிப்பட்டையையும் பார்த்தார். நான் யார், எந்தக் கடை, அது என்ன பொடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி. எதுக்கு வச்சே?"

"சும்மாதான் ஐயா. எல்லாரும் போட்டுப் பாக்கட்டும்னு."

"சும்மாவா." அந்த வார்த்தையை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "டவுன்ல எந்தக் கடையில தம்பி ஒரு சிட்டிக உப்பு சும்மா குடுக்குறான்? தீக்குச்சி ஒண்ணு குடுப்பானா? நீ மூட்ட கட்டி எடுத்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்து, இத்தன வூட்டுக்கும் சும்மா குடுத்தியா? அதுவும் ஆளு இல்லாத நேரமாப் பாத்து?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பினாங்கில் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்த காலத்துப் பாடத்தை, உப்புக்கு அடித்துக்கொள்ளும் காலத்தில் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது பாடம் ஒன்றுதான். அதனால் வழியில் ஒத்திகை பார்த்ததையே எடுத்து விட்டேன். கூந்தல் மிருதுவாகும், பேன் ஒழியும், மணம் நிலைக்கும் என்றெல்லாம் அடுக்கினேன். அடுக்க அடுக்க அவர்கள் முகம் கறுத்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "இவனுக்கும் அவளுக்கும் என்னா சம்பந்தம்னு கேளுங்க முதல்ல" என்றது. இன்னொருவர், "அதான் அவ வூட்டுக்கு மட்டும் வைக்கலயே, அப்பறம் என்னா கேக்குறது" என்றார். இவ்வளவு நேரம் அந்தப் பெண் தனியாகச் செய்வினை வைத்தவர். நான் வாயைத் திறந்ததில் அவருக்கு ஒரு கூட்டாளியும் கள்ளத்தொடர்பும் சேர்ந்தன.

வேண்டுமானால் இப்போதே என் தலையில் தேய்த்துக் காட்டுகிறேன் என்று பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். "வச்சவன் தலைக்கு அது ஏறாதுலா" என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். யாரோ சைக்கிளைப் பிடித்து இழுத்தார்கள்.

அந்தக் குடிசைக்கார அக்கா அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார். கங்காணியிடம் அல்ல, என்னிடம்.

"விக்கத்தான வந்தே தம்பி?"

"ஆமாக்கா."

"அப்ப வெலையச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு கஷ்டத்தில் நிற்கிறவரிடம் விலை சொல்வதா என்று, "உங்களுக்குச் சும்மாவே தரேங்க்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோகாதது ஆச்சரியம். "சும்மாங்கற பேச்ச வுடு. சாமான்னா அதுக்கு ஒரு வெல இருக்கும். வெல என்னா?"

அந்த நாளில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை எங்கள் முதலாளி முடிந்தவரை தொடமாட்டார், பண்டமாற்றுத்தான். "பொட்டலத்துக்கு ரெண்டு கெழங்கு. இல்லாட்டி முட்ட" என்றேன்.

"ரெண்டா?" என்றார். நேராக மரத்தடிக்கு நடந்தார். வழியில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். முறத்தில் கையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து, நூலை அறுத்துப் போட்டுவிட்டுப் பொடியை மோந்தார். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார். "பயறு எங்க போட்டிருக்கே? வெறும் செம்பருத்தி எல. வேலியில பறிச்சு நானே இடிச்சிக்குவேன். இதுக்கு ரெண்டு கெழங்கா? ஒண்ணு தரேன்."

"கட்டாதுங்க்கா" என்று என் வாய் தானாகச் சொன்னது. "பாசார்ல பச்சப் பயறு விக்கிற வெல தெரியுமா?"

"தெரியும், தெரியும். ஒண்ணுன்னா குடு. இல்லன்னா அள்ளிக்கிட்டுப் போ."

அவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. பிறகு நான் விடவில்லை. ஒன்றரை என்றேன். அரைக் கிழங்கை எந்தச் செடியிலிருந்து பிடுங்குவது என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் பயறு, எலுமிச்சைத் தோல், இடித்த கூலி, சைக்கிள் மிதித்த கூலி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் வெட்டினார். முதலில் தள்ளி நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தார்கள். பேரம் நடக்கிற இடத்தில் நம்மவர்களால் தள்ளி நிற்க முடியாது. "ரெண்டு கேட்டா ஒண்ணுலதான்லா நிக்கணும்" என்று ஒருவர் அவர் பக்கம் பேசினார். "எங்க, நான் மோந்து பாக்கறேன்" என்று ஒரு கை நீண்டது. அது, என்னைக் கிட்டப் போகாதே என்று சொன்ன பெண்மணியின் கை.

கடைசியில் ஒன்று, ஆனால் பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிந்தது. குழந்தையைக் கீழே இறக்கி விட்டுவிட்டுக் குடிசைக்குப் போனார். முழங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கு கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தார். திடலோரக் குழாயடிக்குப் போய்க் கொண்டையை அவிழ்த்து நனைத்துக்கொண்டு, பொடியைக் குழைத்துத் தேய்த்தார். மொத்தத் தோட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"நொரையே காணமே" என்றார் ஒருவர்.

"இதுக்குப் போயி ஒரு முழுக் கெழங்கு வாங்கிட்டான்" என்றார் இன்னொருவர்.

எனக்கு உயிர் வந்தது. என் சரக்கைக் குறை சொல்லிக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். செய்வினையை யாரும் நுரை வரவில்லை என்று குறை சொல்ல மாட்டார்கள். அது கடைச் சாமானாகிவிட்டது, நான் ஏமாற்றுகிற கடைக்காரனாகிவிட்டேன். ஏமாற்றுகிற கடைக்காரனை அவர்களுக்குப் பழக்கம் உண்டு. இரண்டு பேர் முறத்திலிருந்து ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்கள். விலை கேட்டதற்கு, எங்கள் வீட்டு வாசலில் நீயே வைத்தது, அதற்கு எதற்கு விலை என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு கிழவி மட்டும் கடைசிவரை நம்பவில்லை. தன் பங்கை விளக்குமாற்றால் கால்வாயில் தள்ளிவிட்டுத்தான் போனார்.

பெரிய கங்காணி சட்டைப் பையிலிருந்து அரிசிச் சீட்டை எடுத்துக் குழாயடிக் கல்லின்மேல் வைத்தார். அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "காச்சல் எல்லா எடத்துலயுந்தான் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். மன்னிப்பு என்று ஒன்றை அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரம் நான் குழாயடிக்குப் போனேன். அவர் தலையைப் பிழிந்துகொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் கிழங்கைக் கல்லின்மேல் வைக்கப் போனேன். நிமிராமலே தணிந்த குரலில் சொன்னார்.

"எடுத்துக்கிட்டுப் போ தம்பி. எல்லாரும் பாக்கறாங்க. வெல வாங்காமப் போனா மறுபடி சும்மா குடுத்ததா ஆயிடும்."

"வூட்ல வேற இருக்காக்கா?"

குழந்தை கிழங்கைப் பார்த்துக் கையை நீட்டியது. "அது கடைக்காரரோடது" என்று அதன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு என்னிடம், "நாளைக்கி அரிசி அளப்பாங்க. சீட்டுதான் வந்திருச்சே. ஒரு ராத்திரிதான" என்றார்.

"ஏன் எங்க வூட்டுக்கு மட்டும் வைக்கல?" என்று நான் கிளம்பும்போது கேட்டார். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"வாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"சரியாத்தான் நெனச்சே" என்றார்.

கிழங்கைச் சைக்கிளுக்குப் பின்னால் வைத்து, எல்லோரும் பார்க்கக் கயிற்றால் கட்டினேன். குழந்தை அழ ஆரம்பித்தது. லயத்து வாசல்களில் நின்று ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் இறக்கி வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியம்மா அந்தக் கிழங்கை வேகவைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நானும் தின்றேன். பசிதான், வேறென்ன சொல்வது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னபோது, ஆசிரியர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே கடைசிவரை கேட்டார். "ஆக, விற்பனை நடந்ததா இல்லையா?" என்றார். நடந்தது சார் என்றேன். அப்படியானால் முறை சரிதான் என்று சொல்லி உட்காரச் சொல்லிவிட்டார். அவருக்கு அது தேவையாக இருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது.

அடுத்த வாரம் முதலாளி கொடுத்தனுப்பிய கேழ்வரகை அந்தக் குடிசையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், யாரும் பார்க்காத இடத்தில் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அது அடுத்த வாரத்துப் பசிக்குத்தான் ஆனது. போன வாரத்து ராத்திரி போனதுதான்.

சண்டை முடிந்த பிறகு விற்பனைதான் என் தொழிலாகிவிட்டது. துணி, பாத்திரம், தையல் இயந்திரம் என்று கெடா முழுக்க அலைந்து விற்றிருக்கிறேன். யார் எனக்கு விலை கொடுத்தாலும், அந்த விலை அவர்கள் வீட்டில் எதை எடுத்துவிட்டு வந்தது என்று விற்கிறவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பிழைக்க முடியாது. எனக்கு முதல் விற்பனையிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு விற்றும், பேரம் முடிந்து ஒருவர் விலையை என் கையில் வைக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தோஷமாக இருந்ததில்லை.